டைட்டானிக் படங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

டைட்டானிக் படங்களை ஒப்பிட விரும்புவோர் முதலில் உறுதியான செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்: 1912 ஏப்ரல் 14 இரவு 11.40 மணிக்குப் பனிப்பாறையில் மோதிய கப்பல், மறுநாள் அதிகாலை 2.20 மணிக்கு மூழ்கியது. ஏறத்தாழ 1,500 பேர் இறந்தனர்.

பிறகு படம் வெளியான ஆண்டைப் பாருங்கள். 1958இல் வந்த பிரிட்டிஷ் படமான ‘எ நைட் டு ரிமெம்பர்’ கப்பல் உடையாமல் மூழ்குவதாகக் காட்டுகிறது. 1997இல் வந்த ‘டைட்டானிக்’ படத்தில் இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் அது இரண்டாக உடைவதைக் காட்டினார். கடலடியில் கப்பலின் சிதைவு 1985இல் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே அது உடைந்தது உறுதியானது என்பதால், முந்தைய படத்தின் மீது குறை சொல்வது நியாயமாகாது.

பழி யார்மேல் சுமத்தப்படுகிறது என்பதே மிக முக்கியமான கேள்வி என்று கருதுகிறேன். நாஜி ஜெர்மனி 1943இல் எடுத்த படம், பிரிட்டிஷ் முதலாளிகளின் பேராசையைக் குற்றம் சாட்டி, கப்பலில் இருந்திராத ஒரு ஜெர்மானிய அதிகாரியைக் கதாநாயகனாக்கியது. அது பிரச்சாரம் என்பதை மறக்காமல் பார்க்க வேண்டும். கேமரூன் படத்தில் முதல் அதிகாரி மர்டாக் பயணிகளைச் சுட்டுத் தானும் சுட்டுக்கொள்கிறார். அதற்கு உறுதியான சான்று இல்லை. அவருடைய சொந்த ஊரான டல்பீட்டியில் எதிர்ப்பு எழுந்தபின் படநிறுவனம் வருத்தம் தெரிவித்தது. உண்மையான பெயரைத் தாங்கிய பாத்திரங்களைத் தனியாகப் பட்டியலிட்டுச் சரிபார்ப்பது, இறந்தவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை.

விடுபட்டவற்றையும் கவனியுங்கள்: அருகில் நின்றிருந்த கலிஃபோர்னியன் கப்பலுக்கு 1958 படம் இடமளிக்கிறது, 1997 படத்திலோ அது இல்லை.