வங்கிகளைச் சோதிக்கும் வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு

ரிசர்வ் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, உள்தேர்வு எழுதி அதிகாரியானவள் நான். வேலைக்காலத்தில் பெரும்பகுதி நகர்ப்புறக் கூட்டுறவு வங்கிகளை இன்ஸ்பெக்ஷன் செய்வதில்தான் போனது. ஓய்வு பெற்ற பிறகு அக்கா மகளில் தொடங்கி அபார்ட்மெண்ட் பிள்ளைகள் வரை ஒரே கேள்வி: “இந்த வேலைக்கு எப்படி வருவது?”

“வங்கி ஆய்வாளர் தேவை” என்று விளம்பரம் வரும் எனக் காத்திருக்காதீர்கள். கல்லூரி முடித்து வருபவர்களுக்கு அந்தப் பெயரில் பதவி கிடையாது. அனுபவமுள்ள நிபுணர்களை ஒப்பந்தத்தில் எடுப்பது வேறு கதை. நீங்கள் சேர்வது ரிசர்வ் வங்கியின் பொது அதிகாரியாக, அதாவது ‘கிரேடு பி’ பதவியில். அதற்குப் பிறகுதான் மேற்பார்வைத் துறைக்குப் போவது. வணிக வங்கி, கூட்டுறவு வங்கி, வங்கியல்லாத நிதி நிறுவனம் என்று மூன்றுக்கும் தனித்தனியாக இருந்த மேற்பார்வைத் துறைகளை 2019-இல் ஒன்றாக்கிவிட்டார்கள். கரன்சி பிரிவிலோ அந்நியச் செலாவணியிலோ முதல் போஸ்டிங் விழலாம். விழுந்தால் முகம் சுளிக்காதீர்கள். அங்கே கற்பதும் பின்னால் உதவும்.

கிரேடு பி தேர்வுக்கு வயது 21 முதல் 30 வரை. பொதுப் பிரிவினருக்குப் பட்டப்படிப்பில் 60 சதவீத மதிப்பெண் வேண்டும், தேர்வை ஆறு முறை எழுதலாம். மற்ற பிரிவினருக்குச் சலுகைகள் உண்டு. விவரங்கள் அவ்வப்போது மாறுவதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள். நான் பார்த்த வரை முதல் கட்டம் வடிகட்ட மட்டும்தான், அந்த மதிப்பெண் கடைசிப் பட்டியலில் சேராது. இரண்டாம் கட்டத்தில் பொருளாதார சமூகப் பிரச்சினைகள், ஆங்கில எழுத்து, நிதியும் மேலாண்மையும் என்று மூன்று தாள்கள். நேர்முகத்துக்கு 75 மதிப்பெண். பி.காம் படிக்காதவர்களும் தாராளமாக வரலாம். என்னோடு வேலை பார்த்தவர்களில் பொறியியல் படித்தவர்களும் விவசாயம் படித்தவர்களும் உண்டு.

அந்த 60 சதவீதம் இல்லையா? அசிஸ்டெண்ட் தேர்வு இருக்கிறது. 50 சதவீதம் போதும், வயது 20 முதல் 28 வரை. சென்னை அலுவலகத்துக்கு எழுதினால் தமிழ் தெரிந்திருக்க வேண்டும், அதற்கென்று தனிச் சோதனையே உண்டு. உள்ளே வந்தபின் அதிகாரியாக உள்தேர்வு எழுதலாம். சுற்றுவழிதான், நானும் அப்படித்தான் வந்தேன். கிராமப்புற வங்கிகளிலும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளிலும் ஆர்வம் இருந்தால் விவசாயம், ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டின் ‘கிரேடு ஏ’ தேர்வைப் பாருங்கள். அந்த வங்கிகளை இன்ஸ்பெக்ஷன் செய்யும் பொறுப்பு அவர்களிடம்தான் இருக்கிறது.

தேர்வு பற்றி இவ்வளவு போதும். கோச்சிங் மையங்கள் இதைவிட விரிவாகச் சொல்லும். அவர்கள் சொல்லாததைச் சொல்கிறேன். இந்த வேலைக்குப் படிக்கும் பிள்ளைகளில் பலர் ஒரு வங்கியைக்கூட முழுதாகப் படித்ததில்லை. அடிப்படை மூலதன விகிதம் (கொடுத்த கடன்களின் அபாயத்தோடு ஒப்பிட்டால் வங்கியின் சொந்த முதல் எவ்வளவு என்ற கணக்கு) என்றால் என்ன என்று கேட்டால் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறார்கள். ஒரு வங்கியின் ஆண்டறிக்கையை நீட்டினால் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று தெரியவில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். கும்பகோணத்தின் சிட்டி யூனியன், கரூர் வைசியா, தூத்துக்குடியின் தமிழ்நாடு மெர்க்கன்டைல் என நம் பக்கத்து வங்கி ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டறிக்கை அவர்கள் இணையதளத்திலேயே இருக்கும். தலைவரின் உரையையும் வண்ணப் படங்களையும் தள்ளிவிட்டு, நிதிநிலைக் கணக்கின் பின்குறிப்புகளுக்குப் போங்கள். வாராக்கடன் ஆண்டுத் தொடக்கத்தில் எவ்வளவு, புதிதாக எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு வசூலானது, எவ்வளவு தள்ளுபடியானது, அதாவது வசூலாகாமலே கணக்கிலிருந்து நீக்கப்பட்டது என்று ஒரு அட்டவணை இருக்கும். மொத்த வாராக்கடன் குறைந்திருக்கிறது என்று வங்கி பெருமையாகச் சொல்லும். குறைந்தது வசூலாலா, தள்ளுபடியாலா என்பதை அந்த அட்டவணை காட்டிக்கொடுக்கும். பிறகு, பெரிய இருபது கடன்தாரர்களிடம் எவ்வளவு குவிந்திருக்கிறது என்ற வரியைப் பாருங்கள். அந்த ஆண்டு அபராதம் கட்டியிருந்தால் அதுவும் அங்கேயே இருக்கும். ஒரே வங்கியை ஐந்து ஆண்டுகளுக்கு இப்படிப் படித்தால் நேர்முகத்தில் பேச விஷயம் தானாக வரும்.

இன்னொரு இலவசப் பாடம், ரிசர்வ் வங்கி வெளியிடும் அபராத அறிவிப்புகள். எல்லாம் சிறியவை, ஒரே அச்சில் வருபவை. எந்தத் தேதி நிதிநிலையை வைத்து ஆய்வு நடந்தது, எந்த விதி மீறப்பட்டது, வங்கி கொடுத்த விளக்கத்தைக் கேட்டபின் எது நிரூபணமானது, எவ்வளவு அபராதம் என்று வரிசையாக இருக்கும். வாடிக்கையாளருடன் வங்கி செய்த பரிவர்த்தனை செல்லுமா என்பது பற்றி இதில் தீர்ப்பு இல்லை என்று கடைசியில் ஒரு வரி வரும். தினம் ஒன்று படித்து, மீறப்பட்ட விதியைத் தேடிப் பாருங்கள். 1949-ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் பிரிவு 35 ஆய்வு செய்யும் அதிகாரம் தருகிறது, 35ஏ உத்தரவு போடும் அதிகாரம், 47ஏ அபராதம். இந்த மூன்றும் விரல் நுனியில் இருக்கட்டும்.

சரி, உள்ளே வந்தபின் என்ன செய்வோம்? பெரிய வணிக வங்கிகளில் இன்று நிறைய வேலை கணினித் தரவிலேயே நடக்கிறது. 2012-13 முதல் அபாயத்தை அடிப்படையாகக் கொண்ட மேற்பார்வை, அதாவது ஆபத்து அதிகமுள்ள இடத்தைக் கூடுதலாகக் கவனிக்கும் முறை வந்துவிட்டது. நான் அதிகம் பார்த்தது சின்ன வங்கிகளை. (நாட்டின் முதல் நகர்ப்புறக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-இல் நம் காஞ்சிபுரத்தில்தான் பதிவானது. இதைச் சொல்லாமல் எனக்கு எந்தப் பேச்சும் முடியாது.) அங்கே நகைக்கடனைப் பார்க்கத் தெரிந்தால் பாதி வங்கியைப் பார்த்த மாதிரி.

நகைப் பைகளில் சிலவற்றை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும், மேலாளர் எடுத்துக் கொடுப்பதை வாங்கக் கூடாது. சீல் சரியா, எடை பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா, கல் எடையைக் கழித்திருக்கிறார்களா என்று பார்ப்போம். தரத்தில் சந்தேகம் வந்தால் அந்தக் கிளையின் அப்ரைசரை (நகை மதிப்பீட்டாளரை) வைத்தே மறுபடி உரசிப் பார்ப்பதில் அர்த்தமில்லை, வேறு ஆள் வேண்டும். அப்புறம் தேதிகள். பழைய கடன் முடிந்த அதே நாளில் அதே நகைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் புதுக் கடன் இருந்தால், வட்டிப் பணம் உண்மையில் கவுண்டருக்கு வந்ததா என்று வவுச்சரைத் தேடுங்கள். பெரும்பாலும் வந்திருக்காது, புதுக் கடனிலிருந்தே பழைய வட்டியைக் கட்டியதாகக் காட்டியிருப்பார்கள்.

மற்றக் கடன்களில் மார்ச் கடைசி வாரம்தான் சுவாரசியம். வட்டியோ தவணையோ 90 நாளுக்கு மேல் நிலுவையில் இருந்தால் அது வாராக்கடன். பிப்ரவரி வரை செத்துக் கிடந்த கணக்கு மார்ச் 30-இல் திடீரென்று உயிர் பெறும். பணம் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால், அந்தக் கடன்தாரரின் தம்பி மனைவி பேரில் அதே வாரம் ஒரு புதுக் கடன். ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு கணக்கிலும் ஒரு ரூபாய் வரவு இருக்காது. கிளையில் கேட்டால் “அட்ஜஸ்ட்மென்ட் மேடம்” என்பார்கள். ஆகவே மார்ச் 31 கணக்கைப் பார்க்கப் போகிறவர்கள் ஏப்ரல், மே கணக்குகளையும் கேட்டு வாங்குங்கள்.

வங்கி தயாரித்துக் கொடுக்கும் பட்டியலை அப்படியே நம்பவும் கூடாது. 2019-இல் மும்பையின் பிஎம்சி (பஞ்சாப் அண்ட் மகாராஷ்டிரா கூட்டுறவு) வங்கியில் என்ன நடந்தது என்று தேடிப் படியுங்கள். ஒரே கட்டுமானக் குழுமத்துக்குக் கொடுத்த கடன்களை மறைக்க 21,049 போலிக் கணக்குகள் காட்டப்பட்டதாகப் போலீஸ் புகாரில் இருந்தது. அந்தக் கணக்குகள் ஆய்வாளர்களுக்குக் கொடுத்த பட்டியலில் மட்டும் இருந்தன, எல்லாக் கிளைகளின் கணக்கும் இருக்கும் கோர் பேங்கிங் கணினியில் இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு. பட்டியலை மூலக் கணினியிலிருந்து நம் கண்முன்னே எடுக்கச் சொல்வது அதனால்தான். எக்செல் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். தரவுத்தளத்தில் கேள்வி எழுதத் தெரிந்தால் இன்னும் நல்லது. ஒரே முகவரி, ஒரே கைபேசி எண், ஒரே ஜாமீன்தாரர் எத்தனை கடனில் வருகிறார் என்று தேடும்போது இதெல்லாம் கைகொடுக்கும்.

எழுத்துக்கு வருகிறேன். அறிக்கை ஆங்கிலத்தில்தான், ஆனால் அலங்கார ஆங்கிலம் யாருக்கும் வேண்டாம். “கடன் கண்காணிப்பு திருப்திகரமாக இல்லை” என்று ஒரு பயிற்சி அதிகாரி எழுதினால் நான் சிவப்பு மையில் சுற்றுவேன். இது நாளைக்கே மறுக்கக்கூடிய வாக்கியம். “பார்த்த 40 கணக்குகளில் 11-இல் கடன் கொடுத்தபின் நேரில் போய்ப் பார்த்த அறிக்கை இல்லை, அவற்றில் மூன்று இப்போது வாராக்கடன்” என்று எழுதினால் எந்த நிர்வாகக் குழுவும் வாய் திறக்காது. எண், விதி, விளைவு மூன்றும் இருக்க வேண்டும். தினமும் ஒரு பக்கம் இப்படி எழுதிப் பழகினால் இரண்டாம் கட்ட ஆங்கிலத் தாளுக்கும் அதுவே பயிற்சி.

வேலையில் கஷ்டங்களும் உண்டு. வருடத்தில் பல வாரங்கள் வெளியூர் லாட்ஜ் வாசம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர்மாற்றம், அதுவும் நாட்டின் எந்த மூலைக்கும். கல்யாணம் பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். போகும் வங்கியில் மரியாதைக்குக் குறைவிருக்காது, ஆனால் அந்த மரியாதை நாற்காலிக்கு. காபி வரை நான் மறுத்ததில்லை. சாப்பாடு என் காசில், வெளியில். தலைவர் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வந்தால் வாழ்த்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உங்களுக்கோ நெருங்கிய உறவினருக்கோ கடன் இருக்கும் வங்கிக்கு அனுப்பினால் போவதற்கு முன்னாலேயே மேலதிகாரியிடம் சொல்லிவிடுங்கள்.

சொந்தக்காரர்களிடம்தான் பெரிய சங்கடம். “அந்த வங்கியில் பணம் போடலாமா?” என்று கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்பார்கள். போடுங்கள் என்றாலும் தப்பு, போடாதீர்கள் என்றாலும் தப்பு, ஒரு நிமிடம் யோசித்தால் அதுவே செய்தியாகிவிடும். 2020 பிப்ரவரியில் வைப்புநிதிக் காப்பீடு 5 லட்சம் ரூபாயாக உயர்ந்தது, ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து அவ்வளவு என்று எந்த வங்கியைப் பற்றிக் கேட்டாலும் அதே பதிலைச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.