இது மதப்போர்தானா? ஒரு போரைப் பிரித்துப் பார்க்கும் முறை

போர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு தீர்ப்புகள் உடனே வந்து விழும். "எல்லாம் மதத்தால் வந்த வினை" என்பது ஒன்று. "மதம் வெறும் முகமூடி, நிலமும் பணமும்தான் உண்மை" என்பது மற்றொன்று. ஓர் ஆவணத்தைக்கூடப் புரட்டாமல் இரண்டையும் சொல்லிவிடலாம். காரணத்தைத் தவறாகக் கண்டால் சமாதானமும் தவறான இடத்தில் தேடப்படும் என்பதால் இதில் அலட்சியம் கூடாது. மொழி உரிமைக்கும் நிலத்துக்கும் நடக்கும் சண்டையைச் சர்வமத மாநாட்டால் தீர்க்க முடியாது. வழிபாட்டு உரிமைக்காக எழுந்த சண்டை, சாலை போட்டுக் கொடுத்தால் அடங்காது.

கீழே உள்ள முறையை எந்தப் போருக்கும் பயன்படுத்தலாம். செய்து காட்ட ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரை (1618–1648) எடுத்துக்கொள்கிறோம். மதப்போர் என்றாலே முதலில் சொல்லப்படுவது அதுதான். இரு தரப்பு வாதத்துக்கும் அதில் சான்று ஏராளம்.

தாளைத் தயார் செய்தல்

பெரிய தாள் ஒன்றில் கட்டம் போடுங்கள். வரிசைகளில் போரின் கட்டங்கள் வரட்டும்: பொஹீமியா (இன்றைய செக் நாட்டின் பகுதி, 1618–1620), டென்மார்க் (1625–1629), சுவீடன் (1630–1635), பிரான்ஸ் (1635–1648). நெடுக்காக வரும் பத்திகள் ஐந்து: தூண்டியது எது, யார் யாருடன் சேர்ந்தார், படைக்குப் பணம் எங்கிருந்து வந்தது, யாரிடம் என்ன பேசினார்கள், எப்படி முடிந்தது. ஆண்டும் ஆவணமும் உள்ள செய்தியை மட்டும் கட்டங்களில் எழுதுங்கள். கருத்து எதுவும் இப்போது வேண்டாம்.

முப்பது ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரே விடை தேடுவதுதான் பெரும்பாலோர் முதலில் சறுக்கும் இடம். 1618இல் சண்டையைத் தொடங்கியவர்களில் பலர் 1648இல் உயிரோடு இல்லை. தொடங்கிய காரணம் வேறாகவும் நீடித்த காரணம் வேறாகவும் இருக்க முடியும்.

"மதம்" என்பதை மூன்றாகப் பிரியுங்கள்

இதைச் செய்யாவிட்டால் மற்ற எதுவும் பயன் தராது. முதலாவது கோட்பாடு: எது உண்மை, எது பாவம், எப்படி வழிபடுவது. இரண்டாவது அடையாளம்: பிறப்பால் ஒருவர் எந்தக் கூட்டத்தில் எண்ணப்படுகிறார். மூன்றாவது நிறுவனம்: திருச்சபையின் நிலம், வரி வருமானம், பதவி, வாக்கு.

ஜெர்மன் நாடுகளை உள்ளடக்கிய அன்றைய புனித ரோமப் பேரரசில் மூன்றாவதன் கனம் மிகப் பெரிது. பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு ஏழு பேருக்கு இருந்தது. மைன்ஸ், டிரியர், கொலோன் ஆகிய மூன்று இடங்களின் பேராயர்கள் கத்தோலிக்கர்கள். சாக்சனி, பிராண்டன்பர்க், பாலட்டினேட் ஆகிய மூன்றின் ஆட்சியாளர்கள் புராட்டஸ்டன்டுகள். ஏழாவது வாக்கு பொஹீமிய அரசருடையது. 1619இல் பொஹீமியப் பிரபுக்கள் தங்கள் கத்தோலிக்க அரசர் ஃபெர்டினாண்டை நீக்கிவிட்டு, பாலட்டினேட்டின் ஐந்தாம் ஃபிரெடரிக்குக்கு முடி சூட்டியபோது எண்ணிக்கை நான்குக்கு மூன்று என்று புரண்டுவிடும் நிலை வந்தது. இது மதமா, அரசியலா? பிரித்துச் சொல்ல முடியாது. வாக்கு யார் கையில் என்பதை மதம் தீர்மானித்தது. மதத்தின் பாதுகாப்பு வாக்கின் கையில் இருந்தது. பிரிக்க முடியாத இடத்தில் பிரித்துக் காட்டாதீர்கள். "நிறுவனம்" என்று குறித்துவிட்டு நகருங்கள்.

தூண்டுதல்: நாளோடு நின்றுவிடாதீர்கள்

1618 மே 23 அன்று பிராக் கோட்டையின் சன்னல் வழியாக ஸ்லவாட்டா, மார்ட்டினிட்ஸ் என்ற அரசரின் இரண்டு ஆளுநர்களையும் அவர்களுடைய செயலரையும் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் வெளியே தூக்கி எறிந்தார்கள். மூவரும் பிழைத்தார்கள். பாடநூல்கள் இந்தக் காட்சியோடு திருப்தி அடைந்துவிடுகின்றன. நமக்குத் தேவை அதற்கு முந்தைய மனுக்கள். 1609இல் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் பொஹீமியப் புராட்டஸ்டன்டுகளுக்கு வழிபாட்டு உரிமைச் சாசனம் கொடுத்திருந்தார். அரச நிலங்களில் கோயில் கட்ட அவர்களுக்கு உரிமை இருந்தது. மடங்களுக்குச் சொந்தமான நிலமும் அரச நிலத்தில் சேர்த்தியா? பிரௌமோவ், ஹ்ரோப் என்ற இரு ஊர்களின் கோயில் தகராறு இந்தக் கேள்வியில்தான் தொங்கியது. ஒன்று மூடப்பட்டது, மற்றொன்று இடிக்கப்பட்டது. ஆகவே தூண்டுதல் கட்டத்தில் கோட்பாடும் நிறுவனமும் வலுவாகவே பதிவாகின்றன. முகமூடி வாதம் இங்கே நிற்காது.

இத்துடன் முடிவுக்குப் போய்விடாதீர்கள். இதே தன்மையுள்ள, ஆனால் பெரும்போராக முற்றாத தகராறுகளை அருகில் வைத்துப் பாருங்கள். 1606இல் டோனவோர்ட் நகரில் கத்தோலிக்க ஊர்வலம் தாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பவேரியப் படை நகரைக் கைப்பற்றியது. இரு பக்கமும் கூட்டணிகள் அமைந்தன, ஆனால் பெரும்போர் வரவில்லை. 1609இல் தொடங்கிய யூலிக்–கிளீவ்ஸ் வாரிசுரிமைச் சண்டையில் வெளிநாட்டுப் படைகள்கூட வந்தன. 1614இல் நிலத்தைப் பங்கிட்டுத் தீர்த்தார்கள். மதப்பகை மூன்று இடங்களிலும் இருந்தது. 1618–19இல் மட்டும் கூடுதலாக இருந்தவை: ஓர் அரசரை நீக்கியது, அந்த முடியை இன்னொருவர் ஏற்றது, ஃபெர்டினாண்டுக்கு ஸ்பெயினும் பவேரியாவும் படை கொடுத்தது. போர் வராத இடத்தையும் பார்த்த பிறகே காரணம் பற்றிப் பேச நமக்கு உரிமை வருகிறது.

அணிகள்: மதக் கோடு தாண்டியவர்களை எண்ணுங்கள்

ஒவ்வொரு ஆட்சியாளருக்கும் மதம், சேர்ந்த பக்கம், கிடைத்த பலன் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். சாக்சனியின் யோஹான் கியோர்க்கை எடுத்துக்கொண்டால், அவர் புராட்டஸ்டன்டுகளில் லூத்தரன் பிரிவினர். 1620இல் கத்தோலிக்கப் பேரரசருக்காக லௌசிட்ஸ் பகுதிக்குள் படை நடத்தினார். செலவுக்கு ஈடாக அந்தப் பகுதியே அவர் கைக்கு வந்தது. 1631இல் சுவீடனோடு சேர்ந்தார். 1635இல் பிராக் உடன்படிக்கையில் மீண்டும் பேரரசர் பக்கம் வந்தார். மதம் மாறவே இல்லை. அணி இரு முறை மாறியது.

பெரிய அளவில் பார்த்தால், கத்தோலிக்கக் கர்தினால் ரிஷ்லியூ வழிநடத்திய பிரான்ஸ், 1631 ஜனவரியில் பேர்வால்டே உடன்படிக்கையின்படி புராட்டஸ்டன்ட் சுவீடனுக்கு ஆண்டுக்கு 4,00,000 தாலர் (வெள்ளி நாணயம்) கொடுக்க ஒப்புக்கொண்டது. பதிலுக்கு சுவீடன் 30,000 காலாட்படையும் 6,000 குதிரைப்படையும் வைத்திருக்க வேண்டும். பிடிக்கும் ஊர்களில் கத்தோலிக்க வழிபாட்டில் கை வைக்கக் கூடாது. 1643 டிசம்பரில் லூத்தரன் சுவீடன் லூத்தரன் டென்மார்க்கின் மீதே பாய்ந்தது.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் "மதம் பொய்" என்று எழுதத் தோன்றும். பொறுங்கள். கோடு தாண்டியவர் ஏன் தாண்டினார் என்றும் கேட்க வேண்டும். சாக்சனியின் அரசவைப் போதகர் ஹோவே, புராட்டஸ்டன்டுகளின் மற்றொரு பிரிவான கால்வின் பிரிவினரைக் கடுமையாகத் தாக்கி எழுதியவர். ஃபிரெடரிக் கால்வின் பிரிவினர். 1555 ஆக்ஸ்பர்க் உடன்படிக்கை கத்தோலிக்கர்களுக்கும் லூத்தரன்களுக்கும் மட்டுமே சட்டப் பாதுகாப்பு தந்தது. கால்வின் பிரிவு அதற்கு வெளியே நின்றது. ஆகவே 1620இல் சாக்சனி எடுத்த முடிவிலும் மதம் உண்டு, நாம் எதிர்பார்த்த கோட்டில் இல்லை, அவ்வளவுதான். 1631 முடிவுக்கும் ஒரு மதக் காரணம் உண்டு: 1552க்குப் பின் கைமாறிய திருச்சபைச் சொத்துகளைத் திருப்பித் தர வேண்டும் என்ற பேரரசரின் 1629 ஆணை லூத்தரன்களையும் அச்சுறுத்தியது. ஆனால் பேரரசின் படை சாக்சனிக்குள்ளேயே புகுந்த பிறகுதான் அவர் பக்கம் மாறினார். மாறாக 1635க்குப் பிறகான பிரெஞ்சுக் கட்டத்தில் இந்தப் பத்தியில் மதம் ஏறக்குறைய காணாமல் போகிறது. கத்தோலிக்க பிரான்சும் கத்தோலிக்க ஸ்பெயினும் நேருக்கு நேர் மோதின.

பணம்

போர் ஏன் நீண்டது என்பதற்கு விடை பெரும்பாலும் இங்கே கிடைக்கும். கூலிப்படைகள் இருந்த இடத்து மக்களிடம் தண்டம் வசூலித்துப் பிழைத்தன. பிடிபட்ட வீரர்கள் மதம் கேட்கப்படாமல் எதிர்ப்படையில் சேர்க்கப்பட்டார்கள். பாக்கிச் சம்பளம் தராமல் படையைக் கலைக்க முடியவில்லை. 1648இல் சுவீடன் படையை வீட்டுக்கு அனுப்ப மட்டும் 50 லட்சம் தாலர் ஒதுக்க வேண்டியிருந்தது.

பேச்சு: கேட்பவர் யார் என்று பார்த்துப் படியுங்கள்

போர் அறிக்கை மனச்சாட்சி வாக்குமூலம் ஆகாது. யாரோ ஒருவரை இணங்க வைக்க எழுதப்படுவது. 1630இல் சுவீடன் அரசர் குஸ்தாவ் அடோல்ஃப் ஜெர்மன் கரையில் இறங்கியபோது வெளியிட்ட அறிக்கையில் புராட்டஸ்டன்ட் மதத்தைக் காப்பது தலையாய காரணமாக இல்லை. பால்டிக் கடல் பாதுகாப்பும் பேரரசர் இழைத்த அவமதிப்புகளும்தான் பேசப்பட்டன. பிரான்சின் பணம் வேண்டியிருந்தபோது அப்படித்தான் எழுத முடியும். 1631 மே 20 அன்று மாக்டபர்க் நகரம் சூறையாடப்பட்டு ஏறத்தாழ 20,000 பேர் இறந்த பிறகு, துண்டுப் பிரசுரங்களில் அவர் மதத்தின் காவலர் ஆனார். அறிக்கையும் பிரசுரமும் ஒரே போரைப் பற்றியவை, வெவ்வேறு காதுகளுக்கு எழுதியவை. இரண்டையும் தனித்தனியாகப் பதியுங்கள்.

கொடுமையின் அளவை வைத்து மதத்தின் அளவை ஊகிக்கவும் கூடாது. சரணடைய மறுத்து முற்றுகையில் விழுந்த நகரத்தைச் சூறையாடுவது அன்றைய போர் வழக்கம். சம்பளம் கிடைக்காத வீரர்கள் அதற்காகவே காத்திருந்தார்கள்.

உடன்படிக்கையே சிறந்த சாட்சி

நேரம் குறைவாக இருந்தால் இந்த ஒரு படியை மட்டுமாவது செய்யுங்கள். களைத்துப் போன தரப்புகள் எதை எழுதி வாங்காமல் கையெழுத்திட மறுத்தன என்பதைப் பாருங்கள். எதற்காகப் பயந்தார்கள் என்பது அங்கே வெளிப்படும்.

1648 வெஸ்ட்ஃபாலியா சமாதானத்தின் ஒஸ்னாப்ரூக் ஆவணத்தில் ஐந்தாவது பிரிவு நீளமானது, முழுக்க மதத் தகராறுகளுக்கானது. 1624 ஜனவரி 1 அன்று எந்தச் சொத்து யார் கையில் இருந்ததோ அதுவே நிலைக்கும் என்று அடையாள நாள் குறித்தார்கள். கால்வின் பிரிவுக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது. பேரரசின் மன்றத்தில் மதப் பிரச்சினைகளைப் பெரும்பான்மை வாக்கால் முடிவு செய்யாமல், இரு தரப்பும் தனித்தனியாகக் கூடி இணங்க வேண்டும் என்று விதித்தார்கள். போப் பத்தாம் இன்னசென்ட் இதைக் கண்டித்தார்; தரப்புகள் பொருட்படுத்தவில்லை. மதம் வெறும் முகமூடியாக இருந்திருந்தால் இத்தனை பக்கங்களுக்கு அவசியமே இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க 1998 ஏப்ரல் 10 அன்று பெல்ஃபாஸ்டில் எட்டிய உடன்பாட்டை எடுங்கள். கத்தோலிக்கர்–புராட்டஸ்டன்டுகள் என்றே உலகம் பேசிய சண்டை. ஆவணத்தில் இருப்பவை வட அயர்லாந்து எந்த நாட்டுடன் இருக்கும், ஆட்சிப் பகிர்வு, காவல்துறைச் சீர்திருத்தம், கைதிகள், ஆயுதக் களைவு. திருப்பலி பற்றியோ போப்பின் அதிகாரம் பற்றியோ ஒரு பிரிவும் கிடையாது. அங்கே மதம் அடையாளமாக இருந்தது. பூசல் நாடு பற்றியது.

வழக்கமாகப் பிழைக்கும் இடங்கள்

எண்ணிக்கை வாதம் மிகப் பரவலானது. 2004இல் ஆங்கிலத்தில் வந்த போர்க் கலைக்களஞ்சியம் ஒன்றில் 1,763 போர்களில் 123 மட்டுமே மதப்போர்களாக வகைப்படுத்தப்பட்டுள்ளன, அதாவது 7 விழுக்காடு என்பார்கள். ஒரு போருக்கு ஒரு காரணம் என்று பெயர்ச்சீட்டு ஒட்டினால்தான் இப்படி எண்ண முடியும். முப்பதாண்டுப் போரின் நான்கு கட்டங்களை மேலே பார்த்தோம். எந்தச் சீட்டை ஒட்டுவது? இலட்சக்கணக்கானோர் இறந்த போரும் சில நூறு பேர் இறந்த போரும் அந்தக் கணக்கில் ஒன்றாகிவிடுகின்றன.

எதிர்ப்பக்கப் பிழை, எல்லாவற்றையும் பொருளாதாரத்தில் கரைப்பது. சீனாவின் தைப்பிங் கிளர்ச்சியில் (1850–1864) பசியும் வரிச்சுமையும் கோடிக்கணக்கானோருக்குப் பொது. தன்னை இயேசுவின் தம்பி என்று நம்பிய ஹொங் சியூச்சுவான் இல்லாமல் அந்தப் பசி ஒரு "விண்ணரசு" ஆகியிருக்காது. பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீட்டில் அதில் இறந்தோர் இரண்டு கோடிக்குக் குறையாது.

மூன்றாவது பிழை, தொடங்கிவைப்பதையும் தடுத்து நிறுத்துவதையும் ஒன்றாக எண்ணுவது. தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்க இலங்கையைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. வெளியுலகில் சிலர் அதை பௌத்த–இந்துப் போர் என்று எழுதினார்கள். கோடு தாண்டியவர்களை எண்ணினால் அது நிற்காது. பெரும்பாலும் இந்துக்களான தமிழர்களின் தலைவராக இருந்த செல்வநாயகம் கிறிஸ்தவர். கத்தோலிக்கர்களும் சிங்களவர், தமிழர் என்று மொழிவழியே பிரிந்து நின்றார்கள். தூண்டுதல் பத்தியில் 1956 தனிச் சிங்களச் சட்டம் வருகிறது. ஆனால் அடையாளக் கோடு எல்லா இடத்திலும் மொழியோடு நிற்கவில்லை: தமிழ் பேசும் முஸ்லிம்களைப் புலிகள் 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றினார்கள். 1957 பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் 1958 ஏப்ரலில் கிழித்தெறியப்பட்டது, பௌத்த பிக்குகள் பிரதமரின் இல்லத்தின் முன் மறியல் செய்த பிறகு. 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. சண்டையின் பொருள் மொழி, நிலம், அதிகாரப் பகிர்வு. தீவு முழுவதும் ஒரு தர்மத்துக்கு உரியது என்ற எண்ணம் சமரசத்தின் வழியை அடைத்தது. நிலத்தையும் பதவியையும் பங்கு போடலாம், புனிதம் என்று அறிவித்ததைப் பங்கு போட முடியாது. மதத்தின் தனி வலிமையை எங்கள் கணிப்பில் இந்த இடத்தில்தான் முதலில் தேட வேண்டும்.

முடிவை எழுதும் முறை

"ஆம்", "இல்லை" என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வாக்கியம். அதில் மதத்தின் எந்தப் பொருள், எந்த ஆண்டு, எந்த ஆவணம் என்பது இருக்க வேண்டும். சான்று இல்லாத கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள். முப்பதாண்டுப் போருக்கு அது இப்படி வரும்: 1618இல் வழிபாட்டு உரிமையும் திருச்சபை நிலமும் பூசலைத் தூண்டின, 1619இல் முடியும் ஏழாவது வாக்கும் அதைப் பேரரசுப் போராக்கின, 1629 ஆணை தணியவிருந்த போரை மீண்டும் மூட்ட உதவியது, 1635க்குப் பின் அரச வம்சப் போட்டியும் சம்பள பாக்கியும் அதை இழுத்தன, 1648இல் சொத்துக்கு ஓர் அடையாள நாளும் மன்றத்தில் தனி வாக்கெடுப்பும் தராமல் அதை முடிக்க முடியவில்லை.