துக்கப் படம் போட்டால் இரண்டு கட்சி வரும்: திரையிடுபவர்களுக்கான கைக்குறிப்பு

இழப்பையும் காதலையும் அடங்கின குரலில் சொல்லும் படத்தைக் கோபியிலோ பொள்ளாச்சியிலோ போட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்ததும் ஒரு கட்சி "நல்லாருந்துச்சுங்க" என்னும். இன்னொரு கட்சி "ஒண்ணுமே நடக்கலீங்களே" என்னும். இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். முதலாவதில் கூப்பிட்டவருக்கான மரியாதை கலந்திருக்கும். இரண்டாவதில் பிளாஸ்டிக் நாற்காலியும் காதில் விழாத வசனமும் கலந்திருக்கும். படத்தால் வந்த மனக்குறை எது, கூடத்தால் வந்தது எது என்று பிரிக்கத் தெரிந்தால்தான் அந்தப் பேச்சுக்கு மதிப்பு.

கூடத்தால் வரும் குறையை முதலில் ஒழிக்க வேண்டும். சண்டைப் படத்துக்கு ஓரளவு இரைச்சல் பொருட்டில்லை. இந்த வகைப் படத்தில் அரை நிமிட மௌனம்தான் காட்சியே. பல்லடம், சோமனூர் பக்கம் கூடம் பார்த்தால் அருகில் தறிப்பட்டறை ஓடுகிறதா என்று கேளுங்கள். சுவர் தாண்டி வரும் அந்தத் தடதடப்பை எந்த ஸ்பீக்கராலும் மறைக்க முடியாது. திருப்பூரில் சனிக்கிழமை மாலை வேண்டாம். வாரச் சம்பள நாள், கடைவீதி வேலைகள் இருக்கும். ஞாயிறு காலை 10 மணி தேவலை. முகூர்த்த நாளில் மண்டபங்களுக்குப் பக்கமே போகக் கூடாது. ஆடியில் முகூர்த்தமில்லை, கூடம் சுலபமாகக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டால் அம்மன் கோயில் குழாய் ஒலிபெருக்கி காத்திருக்கும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள். வாடகை பேசுவதற்கு முன், படம் போடப்போகும் அதே கிழமை, அதே நேரத்தில் போய் ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்காருங்கள்.

அனுமதி விஷயம் சுருக்கமானது: ஓடிடி சந்தா வீட்டில் பார்ப்பதற்குத்தான். பொதுவில் போட உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். இலவசக் காட்சி என்பதால் அது தேவையில்லை என்றாகிவிடாது.

ஒலிதான் அதிகம் கெடுக்கும். 5.1 ஒலித்தடத்தில் (ஆறு ஸ்பீக்கருக்கெனப் பிரித்த ஒலி) வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கான தடத்தில் இருக்கும். லேப்டாப்பிலிருந்து இரண்டு பெட்டிக்கு ஒயர் இழுக்கும்போது அது சரியாகக் கலக்காவிட்டால் இசை முழங்கும், பேச்சு முணுமுணுக்கும். ஸ்டீரியோ தடம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்; இல்லையென்றால் பிளேயரின் ஒலி அமைப்பில் ஸ்டீரியோ என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள். மைக்செட்காரரிடம் எக்கோவை முழுதாக அணைக்கச் சொல்லுங்கள். முந்தின நாள் காதுகுத்துக்கு வைத்த எக்கோ அப்படியே இருந்தால் மரணப் படுக்கைக் காட்சியில் கூடமே சிரித்துவிடும். பெட்டிகள் திரைக்கு இருபுறமும் இருக்கட்டும், பின்சுவரில் வேண்டாம். மின்விசிறிகளைப் படத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே முழு வேகத்தில் ஓட்டிக் கூடத்தைக் குளிர்வித்து, பிறகு குறையுங்கள்.

திரையில் படம் தெளிவாகத் தெரிய: 12 அடி அகலத் திரை, 3,000 லூமென் வெளிச்சமுள்ள புரொஜெக்டர் போதும், கூடம் நன்றாக இருட்டாக இருந்தால். இவ்வகைப் படங்களில் பாதிக் காட்சி விளக்கணைத்த அறைக்குள் நடக்கும். ஜன்னலில் கறுப்புத் துணி கட்டாவிட்டால் முகமே தெரியாது. முகம் தெரியாத துக்கத்தை "ஸ்லோ" என்றுதான் சொல்வார்கள். டிவியில் போடுவதானால் அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள், இல்லையேல் எல்லாமே சீரியல் மாதிரி தெரியும்.

சப்டைட்டில் திரையின் அடியில் வரும், முன்வரிசைத் தலைகளும் அங்கேதான் இருக்கும். எனவே திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து குறைந்தது நாலரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் சப்டைட்டில் ஃபைலை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமித்து, தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். தொடக்கத்தில் பொருந்திப் போகப்போக விலகினால் ஃபிரேம் வேகம் (நொடிக்கு எத்தனை படச்சட்டம் என்பது) வேறு என்று அர்த்தம். 25க்குச் செய்த கோப்பை 23.976இல் ஓடும் படத்தோடு போட்டால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டரை நிமிடம் விலகும். வி.எல்.சி. பிளேயரில் சப்டைட்டிலை முன்னே பின்னே தள்ளுவது இதற்கு உதவாது. சப்டைட்டிலின் வேகத்தையே மாற்ற வேண்டும். தொடக்கம், நடு, கடைசிப் பத்து நிமிடம் என மூன்று இடத்தில் சோதியுங்கள்.

ஆபரேட்டர் படத்தை முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியின் 'த்ரீ கலர்ஸ்: ப்ளூ' (1993) படத்தில் காட்சிக்கு நடுவே திரை கறுத்து, இசை வெடித்து, மறுபடி அதே கணத்துக்கு வரும். தெரியாத ஆபரேட்டர் ஒயரைப் பிடுங்கிச் செருகக் கிளம்பிவிடுவார். ஜப்பானிய இயக்குநர் ஹமகுச்சியின் 'டிரைவ் மை கார்' (2021) 179 நிமிடம். பெயர்ப் பட்டியலே சுமார் 40 நிமிடம் கழித்துத்தான் வரும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் "இனிமேத்தான் படமா?" என்ற குரல் உறுதி.

அழைப்பிதழ் பற்றி ஒரு வார்த்தை. "உணர்ச்சிகரமான காதல் காவியம்" என்று அடித்தால் பாதிச் சண்டையை நீங்களே அச்சடித்துவிட்டீர்கள். எத்தனை நிமிடம், என்ன மொழி, எந்த மொழியில் சப்டைட்டில், பாட்டு உண்டா, இடைவேளை உண்டா, இவற்றை எழுதுங்கள். குழந்தை இறப்பு, தற்கொலை இருந்தால் மறைக்காமல் போடுங்கள். அந்த வருடத்தில் வீட்டில் எழவு விழுந்தவர் வருவதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

இனி கருத்து வாங்குவது. படம் முடிந்ததும் டியூப்லைட்டைப் போடாதீர்கள். பெயர்கள் ஓடி முடியட்டும். பிறகு ஆளுக்கொரு கால்தாள், பென்சில். பேர் எழுத வேண்டாம். மூன்று கேள்விகள்: எந்த இடத்தில் போனையோ கடிகாரத்தையோ பார்த்தீர்கள்? எந்தக் காட்சி மனதில் நிற்கிறது? யார் மேல் கோபம் வந்தது? மதிப்பெண், நட்சத்திரம் எதுவும் கேட்காதீர்கள், அதில் ஒன்றும் கிடைக்காது. தாள்களை வாங்கிய பிறகுதான் டீ. இந்த வரிசை மாறக் கூடாது. டீயை முதலில் கொடுத்தால் ஊர்ப் பெரியவர் ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். மற்றவர்கள் "ஆமாங்க" என்று முடித்துக்கொள்வார்கள்.

டீ நேரத்தில் தாள்களைப் பிரித்துப் பாருங்கள். கடிகாரம் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தைச் சொன்னால் முதலில் கூடத்தைச் சந்தேகியுங்கள்: அப்போது யாராவது கதவைத் திறந்தார்களா, சப்டைட்டில் விட்டுப்போனதா? ஆளுக்கோர் இடம் என்றால் அது படத்தோடு வந்த வேறுபாடு. அதை எடுத்துப் பேசலாம்.

முப்பது பேர் வரை வட்டமாக உட்காரலாம். அதற்கு மேல் போனால் இரண்டு வட்டம். நாற்பது நிமிடம் போதும். முதல் பத்து நிமிடம் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும், பிடித்ததா இல்லையா என்பது அப்புறம். வட்டத்தை நடத்துபவர் படத்துக்குப் பொருள் சொல்லக் கூடாது. சொன்னால் பேச்சு நின்றுவிடும்.

அதிகம் வரும் குறை இதுதான்: "புருசன் செத்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரலீங்களே, பாசமே இல்லீங்களா?" ஒப்பாரி கேட்டு வளர்ந்த காதுக்கு இது நியாயமான கேள்வி, ரசனை போதாது என்று ஒதுக்கினால் அந்த ஆள் அடுத்த முறை வரமாட்டார். திருப்பிக் கேளுங்கள்: எழவு ஊட்டுல அழாம இருக்கறது யாருங்க? கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்வார்கள்: பந்தலுக்குச் சொல்லி, நாற்காலி இறக்கி, சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போடும் மூத்த மகன். அவருக்குப் பாசமில்லையா என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இங்கிருந்து பேச்சு பெரும்பாலும் தானாகவே நகரும்.

இரண்டாவது, கைம்பெண் இன்னொருவரை நேசிப்பது. இதில் குரல் உயரும், பேச்சு சாதி, குடும்ப மானம் என்று தாவும். எந்தக் காட்சியில் தப்பென்று தோன்றியது என்று படத்துக்கே இழுத்து வாருங்கள். அதே காட்சியில் மனைவியை இழந்த ஆணை வைத்தால் என்ன சொல்வீர்கள் என்றும் கேளுங்கள். பெண்கள் அதுவரை பேசாமலிருந்தால் இப்போது பேசுவார்கள்.

பாராட்டையும் சும்மா விடாதீர்கள். "கவிதை மாதிரி இருந்துச்சுங்க" என்பவரிடம் எந்த இடம் என்று கேட்டால், உண்மையாகப் பார்த்தவர் ஒரு கையசைவைச் சொல்வார்.

யாராவது உடைந்து அழுதால் மைக்கை நீட்டாதீர்கள், "படத்தோட வெற்றி" என்று அறிவிக்கவும் வேண்டாம். கதவோரம் ஒருவர் தண்ணீரோடு நிற்கட்டும். வெளியே போகிறவரோடு பேசாமல் கூட நடந்தால் போதும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மனஸ் எண் 14416ஐ வாசலில் எழுதி ஒட்டிவையுங்கள்.

தாள்களை எறியாமல், கூடம், நேரம், வந்தவர் எண்ணிக்கையோடு ஒரு நோட்டில் ஒட்டுங்கள். அடுத்த படம் தேர்வு செய்ய உட்காரும்போது, கோபம் பற்றிய மூன்றாவது கேள்வியின் பதில்களை முதலில் படியுங்கள்.