சோபாவுக்குத் தோல் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பட்டறைக்கு ஒரு பையன் வந்தான். குஷன் வேலையில் புதுசு. தோளில் ஒரு ரோல். "அண்ணே, ஒரிஜினல் லெதர், மீட்டர் கணக்குல கிடைச்சுது" என்றான். மீட்டர் என்றதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. நிறப் பொருத்தம், பட்ஜெட் பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

ரோலில் வருவதைத் தோல் என்று நம்புவது

மாடு ரோலாகப் பிறப்பதில்லை. பெரியமேட்டில் தோல் எடுத்தால் கழுத்தும் வயிறுமாகக் கோணல்மாணலாகத்தான் வரும், விலையும் சதுர அடிக்குத்தான். முழு மாட்டுத் தோல் ஒன்று ஏறக்குறைய 50 சதுர அடி. மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு நாலைந்து தோல் போய்விடும், வெட்டும்போது சேதாரம் வேறு. ரோலில் சேதாரமே கம்மி. அந்த ஆசையில்தான் நானும் விழுந்தேன்.

வேளச்சேரியில் ஒரு அக்கா வீட்டு சோபா. நான் போட்டது பாண்டட் லெதர். தோல் கழிவைத் தூளாக்கி, பாலியூரித்தேன் பசையில் குழைத்து, துணிமேல் படியவைத்து, தோல் வரியை மேலே அச்சடித்த சரக்கு. உள்ளே தோல்தூள் இருப்பதால் வாசனையும் தோல் வாசனைதான். மோந்து பார்த்து ஏமாந்தேன்.

இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அக்கா கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் பேரனின் தொடை முழுக்கப் பழுப்புச் செதில். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்குப் பாலியூரித்தேன் பூச்சு நைந்து உரியும், உரிய ஆரம்பித்தால் ஒட்டுப்போட வழியே இல்லை. மொத்தத்தையும் கழற்றி, கைக்காசு போட்டு நல்ல தோல் போட்டுக் கொடுத்தேன். விற்றவரிடம் கேட்டதற்கு "அதுலயும் தோல் இருக்குல்ல சார்" என்றார். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். தோல் என்றால் நார் நாராகப் பின்னியிருக்கும். துணி ஒரு கோடாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

எண்ணெய்த் தலைக்கு அனிலின்

சாயம் மட்டும் ஏறிய தோல் அனிலின். தடவிப் பார்த்தால் கையை எடுக்க மனம் வராது. ஆனால் தேங்காய் எண்ணெய்த் தலை சாய்கிற வீட்டில் வட்ட வட்டமாகக் கறை உள்ளே இறங்கிவிடும், துடைத்தால் போகாது. மேற்கு ஜன்னல் வெயிலில் வெளுக்கவும் செய்யும். அங்கெல்லாம் மேலே நிறப்பூச்சு போட்ட பிக்மென்ட் தோல்தான் சரி.

தழும்பைப் பார்த்துத் தள்ளுவது

உண்ணி கடித்த தடமும் முள் கீறலும் ஃபுல் கிரெய்ன் தோலில், அதாவது மேல்புறத்தைத் தேய்க்காமல் அப்படியே விட்ட தோலில், இருக்கத்தான் செய்யும். மொழுமொழுவென்று ஒரே சீராக இருந்தால் பெரும்பாலும் மேலே தேய்த்து அச்சடித்தது.

உட்காரும் இடத்தில் ஸ்பிளிட்

தோலை இரண்டு அடுக்காகப் பிளந்தால் கிடைக்கிற, பலம் குறைந்த அடி அடுக்குதான் ஸ்பிளிட். உட்காரும் இடத்துக்கு வேண்டாம். சோபாவின் முதுகுப்புறத்துக்குப் போடுங்கள்.

ரெக்சினை இளக்காரமாகப் பார்ப்பது

கிளினிக் பெஞ்சுக்கு அதுதான்.

அந்தப் பையனின் ரோலைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை. இப்போது என் பட்டறை மூலையில் நிற்கிறது. வருகிறவர்களுக்கு ஓரத்தை வெட்டிக் காட்ட உதவுகிறது.