முறுக்கினால் வண்டி யோசிக்கிறதா? கார்புரேட்டரைக் கடைசியாகக் கழற்றுங்கள்

சேலத்தில் எங்கள் வீட்டில் 2003 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் ஒன்று இன்னும் தினசரி ஓடுகிறது. அப்பா வாங்கியது, இப்போது என் பொறுப்பு. தெருவில் இதே வயது வண்டி வைத்திருப்பவர்கள் "பிக்கப்பே இல்லப்பா, கார்புரேட்டர் சர்வீஸ் பண்ணணும் போல" என்று வருவார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் அந்தக் கார்புரேட்டர் பக்கம் நான் முதலில் போகவே மாட்டேன். ஹேண்டில்பாரிலிருந்துதான் ஆரம்பிப்பேன். பாதிக் கோளாறு அங்கேயே இருக்கும்.

முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்கி, கையைச் சட்டென்று எடுங்கள். 'டக்' என்று தானாகத் திரும்ப வேண்டும். ஹேண்டிலை நேராக வைத்து ஒரு முறை, இடது கோடிக்குத் திருப்பி ஒரு முறை, வலது கோடிக்கு ஒரு முறை. ஒரு பக்கம் மட்டும் இறுக்கம் என்றால் டேங்குக்கு அடியில் கேபிள் எங்கோ மடங்கியிருக்கிறது அல்லது ஒயர்களோடு சிக்கியிருக்கிறது. எல்லாப் பக்கமும் மந்தம் என்றால் கேபிளில் தூசி, துரு, அல்லது கைப்பிடிக்குள் அழுக்கு. அழகுக்காக மாட்டிய புது கிரிப் ஹேண்டில் முனையில் உரசினாலும் இப்படித்தான் ஆகும்.

வலது பக்க சுவிட்ச் பெட்டியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் கேபிள் முனை வெளியே வரும். கைப்பிடிக் குழாயை உருவி, உள்பக்கத்தையும் பைப்பையும் மண்ணெண்ணெயில் துடைத்துக் காயவிட்டு, மிக மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள். கேபிளுக்கு ஒரு பிளாஸ்டிக் பையின் மூலையை வெட்டிப் புனல் மாதிரி கட்டி, மேலிருந்து மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கீழ் முனையில் எண்ணெய் தெரியும்வரை பொறுமை வேண்டும். முனையில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் எண்ணெய் விட்டுப் பயனில்லை. புதுசு மாற்றிவிடுங்கள், விலை பெரிதில்லை. மாட்டிய பிறகு கைப்பிடியில் 2 முதல் 6 மி.மீ. வரை தளர்வு இருக்கட்டும். அதற்கு மேல் தொளதொளவென்று இருந்தால் முறுக்கியும் எஞ்சினுக்குச் சேதி தாமதமாகத்தான் போகும். எஞ்சின் ஓடும்போது ஹேண்டிலைத் திருப்பினால் சத்தம் தானாக ஏறுகிறதா? கேபிள் இறுகியிருக்கிறது. அப்படியே ரோட்டுக்குப் போகாதீர்கள்.

(யமஹா ஆர்எக்ஸ்100 பைக் வைத்திருப்பவர்களே, உங்கள் கேபிள் நடுவில் பிரிந்து ஆயில் பம்புக்கும் போகிறது. கேபிளைத் தொட்டால் பம்ப் அட்ஜஸ்ட்மெண்டையும் பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் போதாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.)

சரி, கைப்பிடி நன்றாக இருக்கிறது, எஞ்சின்தான் தாமதிக்கிறது என்றால்? எஞ்சின் சூடானதும் நியூட்ரலில் சட்டென்று முறுக்கிப் பாருங்கள். 'புக்' என்று மூச்சடைத்துவிட்டு அப்புறம் ஏறினால், சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோல் கலவையைக் கூட்டும் லீவர்) கொஞ்சம் இழுத்து மறுபடி முறுக்குங்கள். இந்தச் சோதனைக்குக் காசே கிடையாது. தேறினால் பெட்ரோல் போதவில்லை, இல்லை எங்கிருந்தோ காற்று களவாக நுழைகிறது. இன்னும் மோசமானால் பெட்ரோல் அதிகம், அதாவது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், சோக் முழுதாகத் திரும்பாமல் நிற்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அதுவும் சாட்சி சொல்லும். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கரி படிந்திருந்தால் அதிகம், காப்பித்தூள் நிறம் சரி.

பெட்ரோல் குறைவு என்றால் டேங்க் மூடியிலிருந்து ஆரம்பியுங்கள். கொஞ்ச தூரம் ஓடியபின் திணறும் வண்டியில் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று சத்தம் வந்து, பிறகு நன்றாக ஓடினால், மூடியின் காற்றுத் துளை அடைப்பு. அடுத்து, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு திறந்த வெளியில் கார்புரேட்டர் பக்க டியூபைக் கழற்றி பாட்டிலுக்குள் விட்டு, பெட்ரோல் டேப்பைத் (குழாயைத்) திறந்துவிடுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. நூல் மாதிரி ஒழுகினால் டேப் வடிகட்டி அடைத்திருக்கிறது. இந்தப் பழைய ரப்பர் டியூப்கள், 2023-இலிருந்து நம் பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்த 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் வைத்து அன்று செய்தவை இல்லை. டியூப் உப்பியோ வெடித்தோ இருந்தால் மாற்றுங்கள். காற்றுக் கசிவுக்கு, எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது கார்புரேட்டரும் எஞ்சினும் சேரும் இடத்தில் துளி நீர் விடுங்கள். சத்தம் மாறினால் அங்கே இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தட்டையாகியிருக்கலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் கார்புரேட்டர். ஏர் ஸ்க்ரூவை (கலவையில் காற்றின் அளவைச் சரிசெய்யும் திருகு) கழற்றுமுன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்று போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐட்லிங்கில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஸ்லோ ஜெட்டில் ஊக்கு, கம்பி எதையும் விடாதீர்கள். துளை பெரிதானால் அந்த ஜெட் குப்பைக்குத்தான். கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும், அடம்பிடித்தால் பிரஷ்ஷின் ஒரு நைலான் மயிர். மேல் மூடியில் தொங்கும் ஸ்லைடை (கேபிள் இழுக்க ஏறி இறங்கும் உருளை) துடைத்து மாட்டும்போது அதன் வெட்டுப் பகுதி ஏர் ஃபில்டர் பக்கம் இருக்க வேண்டும். ஸ்லைடின் பள்ளம் சரியாக உட்காராவிட்டால் ஸ்டார்ட் செய்ததுமே எஞ்சின் கதறும். ஸ்லைடுக்கு உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்.

எஞ்சின் சத்தம் உடனே ஏறுகிறது, வேகம்தான் ஏறவில்லை என்றால் ஆக்சிலேட்டரைக் குறை சொல்லாதீர்கள். கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் லீவரில் 10 முதல் 20 மி.மீ. தளர்வு இருந்தும் வழுக்கினால் பிளேட் தேய்ந்திருக்கலாம். மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றியும் பாருங்கள், பிரேக் பிடித்தபடியே ஓடும் வண்டிகள் ஏராளம்.

ஏற்காடு மலைக்கு இரண்டு பேராகப் போய்விட்டு வந்து "மேலே இழுக்கவில்லை" என்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே உயரம் சுமார் 1,500 மீட்டர். காற்று மெலிவதால் கார்புரேட்டர் வண்டிக்குப் பெட்ரோல் கலவை தானாகவே கூடிப் போய் இழுவை குறையும். அதற்காக மலை மேல் ஸ்க்ரூவைத் திருகிவிட்டு வந்தால், அடிவாரத்தில் மறுபடி திருக வேண்டியிருக்கும்.