சென்னை – சிங்கப்பூர்: விமான நேரக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சிங்கப்பூர்லேர்ந்து சென்னைக்கு 1 மணி 40 நிமிஷம்தானாமே?" என்று பெரியம்மா போனில் கேட்டார். இரவு 8.00க்குக் கிளம்பி 9.40க்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருந்தது, அதைக் கழித்துவிட்டு, சாப்பாடு, சுகர் மாத்திரை எல்லாவற்றையும் சென்னைக்கு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார்.

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரப்படி. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். ஆக அவருடைய பயணம் 4 மணி 10 நிமிஷம். போகும்போது இதே கணக்குத் தலைகீழ்: சென்னையில் இரவு 11.15க்கு ஏறி விடிகாலை 5.50க்கு இறங்கினால் ஆறரை மணி நேரம் போலத் தெரியும், இரண்டரையைக் கழியுங்கள். இறங்கும்போது இருட்டாக இருக்கிறதே என்று குழம்பவும் வேண்டாம். 1982 ஜனவரி 1 அன்று மலேசியாவோடு சேர்ந்து போக கடிகாரத்தை அரை மணி முன்னால் நகர்த்திவிட்டார்கள், அதனால் அங்கே விடியவே ஏறக்குறைய 7 மணி ஆகும்.

இதைவிடப் பெரிய இழப்பு தேதியில் வருகிறது. '15, சனி, 00.40' என்று போட்டிருந்தால் வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரைக்கே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். என் சித்தப்பா குடும்பம் சனிக்கிழமை இரவு போய் நின்றது. பருப்புப் பொடி, ஊறுகாய் எல்லாம் கட்டிய பெட்டிகளோடு. வாசலில் டிக்கெட் பார்த்த காவலர் தேதியின் மேல் விரலை வைத்துக் காட்டினார், அந்த விமானம் அன்று காலையிலேயே போய் இறங்கிவிட்டிருந்தது. நான்கு டிக்கெட் பணமும் போனது. தயவுசெய்து 00, 01 என்று ஆரம்பிக்கும் நேரத்தைக் கண்டால் முந்தைய நாள் இரவைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

அப்புறம் தூரம். நேர்கோட்டில் சுமார் 2,900 கி.மீ., விமான வேகம் 900, அப்படியானால் மூன்றேகால் மணிதானே என்று வகுப்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது, வங்கக் கடலில் மேகத்தைச் சுற்றிப் போவது, எல்லாம் சேர்ந்துதான் நான்கு மணிக்கு மேல் ஆகிறது. துபாயும் சென்னையிலிருந்து கிட்டத்தட்ட இதே தூரம்தான், ஆனால் அது நமக்கு ஒன்றரை மணி பின்னால் என்பதால் காலை 4.00க்கு ஏறி 6.45க்கு இறங்குவதாக டிக்கெட் காட்டும், உண்மையில் நாலேகால் மணி.

கொழும்பு வழியாகப் போனால் தூரம் ஐந்நூறு கி.மீ.தான் கூடும், ஆனால் அங்கே காத்திருக்கும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள், சில டிக்கெட்டில் பறப்பதைவிட உட்கார்ந்திருப்பது அதிகம்.

கூட்டிப்போக வருபவருக்கு இறங்கும் நேரத்தை டிக்கெட்டில் இருக்கிறபடியே, தேதியோடு சொல்லுங்கள். அது ஏற்கெனவே அவர் ஊர் நேரம்தான், அதன்மேல் இரண்டரை மணியைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம்.