நாலு சார்ஜர், ஒரே பிளக் பாயிண்ட் – என் அனுபவம்

வெளிநாடு போறப்ப எனக்கு பெரிய தலைவலியே சார்ஜர்தாங்க. போன், லேப்டாப், வாட்ச், கேமரான்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா சார்ஜர் தூக்கிட்டுப் போவேன், ரூம்ல பார்த்தா கட்டிலுக்குப் பின்னாடி ஒரே ஒரு பிளக் பாயிண்ட், அதுலயும் கனமான சார்ஜர் நிக்காம தொங்கும். இப்ப நாலு போர்ட் இருக்கற 65 வாட் சார்ஜர் ஒண்ணு, அந்தந்த நாட்டு பிளக் பாயிண்ட்ல சொருகறதுக்கு அடாப்டர் ஒண்ணு, நீளமான கேபிள், அவ்ளோதான். லேப்டாப்பும் டைப்-சிங்கறதால அதுலயே ஏறிடுது.

ஆனா அடாப்டர் பின்னோட வடிவத்தைத்தான் மாத்தும், வோல்டேஜை மாத்தாது. சார்ஜர் மேல பொடி எழுத்துல இன்புட் 100–240 வோல்ட்னு இருந்தா எங்க வேணா சொருகலாம். என் ஹேர் டிரையர்ல 220–240 மட்டும்தான் போட்டிருந்துச்சு, 120 வோல்ட் இருக்கற நாட்டுல அது சும்மா வெதுவெதுன்னு ஊதும், அதுக்காக வோல்டேஜை மாத்தற கன்வெர்ட்டரைச் சுமக்கறதுக்குப் பதிலா ஹோட்டல்லயே டிரையர் கேட்டு வாங்கிக்கலாம்னு அதை வீட்டுலயே வெச்சுட்டேன். இதுவே 120 மட்டும் தாங்கற சாமானை 230ல போட்டா புகைதான்!

அப்புறம் பவர் பேங்க், அது செக்-இன் பெட்டில கூடவே கூடாது, கைப்பைலதான். பொதுவா 100 வாட்-அவர் (பேட்டரி கொள்ளளவு) வரைக்கும் ஓகே, 20,000 எம்ஏஎச்னா சுமார் 74 வாட்-அவர்தான் வரும். பவர் பேங்க் மேல போட்டிருக்கற அந்த நம்பர் அழிஞ்சிருந்தா செக்யூரிட்டில பிடுங்கி வெச்சுக்க வாய்ப்பிருக்கு, கிளம்பறதுக்கு முன்னாடியே பார்த்துக்கோங்க.